கதவைத் திறக்க வேண்டியவர்

கட்டட நிர்வாகத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. பிரெஞ்சும் சட்டமும் ஒழுங்காகப் படித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள், அது சந்தோஷம். முதல் நாளே உங்கள் கையில் ஒரு பெரிய சாவிக்கொத்தைத் தந்துவிட்டார்கள், அதுதான் பயம். சாவி கையில் ஏறியதும் சிலருக்கு அந்தக் கட்டடமே தங்களுடையது என்ற நினைப்பும் ஏறிவிடும். அப்படிப்பட்ட ஒன்றிரண்டு பேரை நானே வேலையை விட்டு நிற்பாட்டியிருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். குழாய் எப்படித் திருத்துவது, கூரைப் பனியை எப்போது தள்ளுவது என்பதெல்லாம் உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது ஒரு கதவைப் பற்றி. அந்தக் கதவைத் திறக்கச் சட்டம் எனக்கு இடம் கொடுத்திருந்தது. ஆனாலும் நான் மணியை அடித்துவிட்டு நின்றேன். அது ஏன் என்பது உங்களுக்கு விளங்கினால் போதும், மற்றதெல்லாம் வேலையில் இறங்கினால் தானாக வரும்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். இங்கே கியூபெக்கில் கொண்டோ என்கிற அடுக்குமாடி வீடு வாங்குகிறவருக்கு இரண்டு விதமான உடைமை கிடைக்கிறது. கதவுக்கு உள்ளே இருப்பது அவருடையது. கூரை, படிக்கட்டு, வெளிச்சுவர், சுவருக்குள் ஓடும் பெரிய குழாய்கள் எல்லாம் எல்லோருக்கும் பொது. வாங்கிய அன்றே அவர் உரிமையாளர் சங்கத்தில் அங்கத்தவர் ஆகிவிடுகிறார். சிண்டிகா என்று இங்கே சொல்வது அதைத்தான். எனக்கு வேண்டாம் என்று விலகவும் முடியாது. தகராறு வருவதெல்லாம் அந்தப் பொதுக் குழாய் ஒருவருடைய சொந்தச் சுவருக்குப் பின்னால் ஓடுகிற இடத்தில்தான்.

சென்ட் லோரன்ட் பகுதியில் நான் பார்த்துக்கொண்ட ஒரு மூன்று மாடிக் கட்டடம். பாதிக்கு மேல் நம் தமிழ் ஆட்கள். இரண்டாம் மாடியில் ஒரு வீட்டைக் கட்டடம் முழுவதும் 'சிவபாலன் வீடு' என்றே சொல்லும். சிவபாலனும் மனைவி தவமணியும் சேர்ந்து வாங்கிய வீடு அது. வீட்டு உறுதிப் பத்திரத்தில் இரண்டு பேருடைய பெயரும் இருந்தது. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் தவமணி விடிய முன்னமே போய் நின்று உழைத்த உழைப்பும் அந்த வீட்டுக்குள் இருக்கிறது. ஆனாலும் அது 'சிவபாலன் வீடு'தான்.

பனி கொட்டும் ஒரு மாரி காலத்தில் சிவபாலன் திடீரென்று மாரடைப்பால் இறந்துபோனார். செத்தவீடு முடிந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. அந்த நேரத்தில்தான் முதலாம் மாடியிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. பேசியது ஜூலி என்ற கியூபெக் பெண். பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளையின் அறைக் கூரையிலிருந்து தண்ணீர் வடிகிறது என்றாள். நல்ல தண்ணீர் அல்ல. கழிவுத் தண்ணீர்.

நான் போய்ச் சேரும்போது பிளம்பர் வந்து பார்த்துவிட்டார். கூரையின் ஒரு பக்கம் ஊதித் தொங்கிக்கொண்டிருந்தது. ஜூலி தொட்டிலைச் சமையலறைக்குள் இழுத்து வைத்திருந்தாள், பிள்ளை நித்திரை, அவள் அழுதுகொண்டிருந்தாள். கழிவுக் குழாய் வெடித்திருப்பது இரண்டாம் மாடியில், தவமணியின் முன்கூடத்துச் சுவருக்குப் பின்னால் என்றார் பிளம்பர். அங்கிருந்துதான் திறக்கவேண்டும், கீழேயிருந்து எட்டாது. பின்னேரம் எல்லோரும் வேலையால் வந்து குளித்துச் சமைக்கத் தொடங்கினால் இந்தக் கூரை தாங்காது என்றும் சொன்னார்.

சங்கத்து நிர்வாகக் குழுத் தலைவர் சுந்தரம் எனக்கு முதலே வந்துவிட்டார். தமிழ்நாட்டுக்காரர், விமான இயந்திரத் தொழிற்சாலையில் என்ஜினியராக இருந்தவர். நல்ல மனிதர். ஆனால் கணக்குப் போட முடியாத விஷயம் வந்தால் தடுமாறிப்போவார்.

"நான் மேல போய்ப் பேசிட்டேன் மேடம். சிவபாலன் சாரோட தம்பி இருக்காரு. சாவு வீடு, அந்தச் சுவர்ல படம் வச்சு விளக்கு ஏத்தியிருக்கோம், முப்பத்தொண்ணு முடியற வரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாதுன்னுட்டாரு. பாவமா இருந்துச்சு. சரின்னு நானும் வாக்குக் குடுத்துட்டேன்."

"கீழ இறங்கி இந்தக் கூரையைப் பாத்தனீங்களோ?"

அப்போதுதான் பார்த்தார். பார்த்ததும் ஆள் மாறிவிட்டார். "ஐயையோ. அப்ப உங்க சாவியைப் போட்டுத் திறந்துடுங்க மேடம். அவசர ரிப்பேர்னா உள்ள போலாம்னு சட்டமே இருக்கு. அவர் என்ன வேணாம்னு சொல்றது?"

சட்டம் இருப்பது உண்மை. கட்டடத்தைக் காப்பாற்றத் தேவையான வேலையை எந்த உரிமையாளரும் தன் வீட்டுக்குள் என்றாலும் தடுக்க முடியாது. அவசரம் என்றால் முன்கூட்டி அறிவிக்கக்கூடத் தேவையில்லை. ஆனால் எனக்கு ஆத்திரம் வந்தது வேறு ஒன்றுக்கு. சற்று முன் வாக்குக் கொடுத்தாரே, அதையும் தவமணியைக் கேட்காமல் கொடுத்தார். இப்போது சாவி போட்டுத் திறக்கச் சொல்கிறாரே, அதையும் தவமணியைக் கேட்காமல்தான் சொல்கிறார்.

"சார், வீட்டுக்காரி என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

"அவங்க உள்ள இருக்காங்க. இந்த நேரத்துல அவங்ககிட்ட எப்படி மேடம் பேசறது?"

இது சுந்தரத்தின் பிழை மட்டுமல்ல. நம் ஆட்கள் எல்லோருக்கும் கைவந்த வழக்கம். செத்தவீட்டுக்குப் போனால் வாசலில் நிற்கும் ஆணிடம் அலுவலைப் பேசுவோம். கணவனை இழந்தவளிடம் துக்கம் மட்டும்தான் விசாரிப்போம். அது அவளுக்குச் செய்கிற மரியாதை என்று மனதார நம்பவும் செய்வோம். அந்த மரியாதையில் அவளுடைய வீடு அவள் கையை விட்டுப் போய்விடுகிறது. அந்தத் தம்பி அந்தக் கட்டடத்தில் ஒரு செங்கல்லுக்கும் சொந்தக்காரர் இல்லை. அவர் சொன்ன 'கூடாது' ஒரு மறுப்பே இல்லை. 'சரி' என்று சொல்லியிருந்தாலும் அது சம்மதமும் இல்லை.

"நான் போய்த் தவமணியோட கதைக்கிறன். அவ எல்லாம் கேட்டு, விளங்கி, மாட்டன் எண்டு சொன்னால், நானே சாவி போட்டுத் திறக்கிறன். கூரை விழ விடமாட்டன். ஆனா அவவைக் கேக்காமல் ஒரு ஆணியும் கழட்ட விடமாட்டன்" என்றேன்.

சுந்தரத்துக்கும் ஒரு வேலை கொடுத்தேன். மேல் மாடியில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, நான் சொல்லும்வரை ஒருவரும் தண்ணீர் திறக்கவேண்டாம் என்று கேட்கச் சொன்னேன். இதைக் குறித்துவையுங்கள். நெருக்கடியில் முதலில் செய்யவேண்டியது யோசிக்க நேரம் சம்பாதிப்பது. சண்டை பிடிப்பதற்குப் பிறகு எவ்வளவும் நேரம் கிடைக்கும்.

என் பையில் அந்த வீட்டின் சாவி இருந்தது. அதைத் தொடாமல் மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் யோகன், அந்தத் தம்பி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மனேஜ்மென்ரோ? ஐயா ஒருத்தரும் வரேல்லையோ?"

"ஐயாவும் நான்தான், அம்மாவும் நான்தான். தவமணியோட கதைக்கவேணும்."

"அவ கதைக்கிற நிலமையில இல்லை. எதெண்டாலும் என்னோட கதையுங்கோ. நான் முடிவு சொல்லியாச்சு."

"தம்பி எங்க இருக்கிறியள்?"

"பக்கத்துத் தெருவில. வாடகைக்கு."

"அங்க பைப் வெடிச்சாலும் உங்கட வீட்டுக்காரரோடதான் கதைப்பினம். இஞ்சயும் அப்பிடித்தான். கொஞ்சம் வழி விடுங்கோ."

முகம் கறுத்து ஒதுங்கினார். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே போகலாமா என்று முன்கூடத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன். "வாங்கோ" என்று சொல்லமாட்டார்கள், துக்கவீடு. ஆனால் தவமணி தலையை அசைத்தா. அது எனக்குப் போதும்.

சுவரோடு ஒரு மரத்தட்டு. மேல் தட்டில் சாமிப் படங்கள், கீழே சிவபாலனின் மாலை போட்ட படம், முன்னால் விளக்கு. தவமணி பக்கத்தில் நிலத்தில் இருந்தா. சொந்தக்காரப் பெண்கள் இரண்டு மூன்று பேர் சுற்றி இருந்தார்கள். நானும் நிலத்தில் அமர்ந்தேன். துக்கம் விசாரித்தேன். பிறகு நேராகவே சொன்னேன்.

"தவமணி, இந்தச் சுவருக்குப் பின்னால கழிவுப் பைப் வெடிச்சிருக்கு. கீழ பிறந்த பிள்ளையின்ர அறைக்குள்ள ஊத்துது. இதைத் திறக்கவேணும், இண்டைக்கே."

யோகன் பின்னாலிருந்து குரலை உயர்த்தினார். "உதெல்லாம் அவவுக்குச் சொல்லாதேங்கோ எண்டனான்."

தவமணி அவரைப் பார்க்கவில்லை. பெண்களைப் பார்த்து, "எல்லாருக்கும் தேத்தண்ணி வையுங்கோ" என்றா. அவர்கள் எழும்பிச் சமையலறைக்குப் போனார்கள். அதற்குப் பிறகுதான் குரலைத் தாழ்த்திச் சொன்னா.

"அக்கா, அந்தப் பைப்புக்குப் போற சின்னக் கதவு ஒண்டு இந்தச் சுவரில இருந்தது. வீடு வாங்கின புதுசில இவர் அதை மூடிப் பூசிப்போட்டார். சாமித்தட்டு வைக்க வேற நல்ல திசை இல்லை எண்டவர். யோகனும் சேந்துதான் செய்தது. கை வைக்கக்கூடாதெண்டு சங்க விதியில இருந்தது எனக்குத் தெரியும். இவர் கேக்கேல்லை." என் கையைப் பிடித்தா. "இது தெரிஞ்சால் வீட்டை எடுத்துப்போடுவினமோ? எனக்கு வேற ஒண்டும் இல்லை அக்கா."

விளக்கைப் பற்றி அங்கே ஒருவருக்கும் கவலை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. யோகனுக்குத் தமையனின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். தவமணிக்கு வீடு போய்விடும் என்ற பயம். அத்தனை நாளும் அந்தப் பயத்தோடு அந்தச் சுவருக்கு முன்னாலேயே இருந்திருக்கிறா.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னோடு நிற்கவேண்டும். கீழே கூரை ஊதிக்கொண்டிருக்கிறது. "அதெல்லாம் ஒன்றுமில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன், திற" என்று சொல்லியிருந்தால் கதவு உடனே திறந்திருக்கும். நம் தொழிலில் அதிகம் பேர் செய்வது அதுதான். வேலை முடிந்த பிறகு நிர்வாகக் குழு விதியைத் தூக்கிக் காட்டும்போது அந்த மனுசி எங்களை எல்லாம் கள்ளர் என்றுதான் நினைப்பா. பிறகு அவ எந்தக் கதவையும் யாருக்கும் திறக்கமாட்டா. திறக்கச் சொல்லிக் கேட்கிற தகுதியும் எனக்கு இருக்காது.

அதனால் கசப்பானதை முதலில் சொன்னேன். "மூடினது பிழைதான். அதால பைப்பை ஒருத்தரும் பாத்துத் திருத்த ஏலாமல் போச்சு. திரும்ப அந்தக் கதவை வைக்கிற பொறுப்பு உங்கட. இந்தச் சேதத்துக்கு உங்களிட்டயும் கேள்வி வரும், அதைக் குழு கேக்கும். ஆனா உங்களைக் கேளாமல் அவை முடிவெடுக்க நான் விடமாட்டன். உங்களுக்குச் சொல்ல இருக்கிறதைச் சொல்லுறது உங்கட உரிமை. வேணுமெண்டால் ஒரு வக்கீலிட்டயும் கேளுங்கோ."

"வீடு?"

"சுவரை மூடினதுக்காக ஒருத்தரும் வீட்டை எடுக்க ஏலாது. கோர்ட்டுக்குப் போய், கோர்ட் போட்ட கட்டளையையும் மீறி அடம்பிடிச்சு நிண்டால்தான் அந்தக் கதையே வரும். நீங்கள் அப்பிடி நிக்கிற ஆள் இல்லை."

நான் தொடர்ந்தேன். "இன்னும் இருக்கு. வாற ஆக்கள் இந்தச் சுவர் ஒண்டிலதான் கை வைக்கலாம். அறையளுக்குள்ள போக ஏலாது. என்ன செய்யப்போகினம் எண்டு முதலே உங்களுக்குச் சொல்லவேணும். உடைக்கிற சுவரைத் திரும்பப் பூசித் தரவேணும். இதெல்லாம் நீங்கள் கெஞ்சிக் கேக்கிற விஷயம் இல்லை. உங்கட உரிமை."

தவமணி படத்தை ஒரு முறை பார்த்தா. பிறகு எழும்பினா. யோகன் குறுக்கே வந்தார்.

"அண்ணி, யோசியுங்கோ. அண்ணன்ர பேர் என்னாகிறது? செத்த மனுசனைக் குற்றவாளி ஆக்கப்போறியளோ?"

"உங்கட அண்ணன் நல்ல மனுசன் யோகன். ஆனா இது பிழை. கீழ பச்சைப்பிள்ளை கிடக்குது. அதுக்குமேல இதை மூடிவைக்க என்னால ஏலாது."

"விளக்கு நூந்து அணைஞ்சுபோகக்கூடாது அண்ணி."

"ஆர் நூர விடுறது?" என்றா. உள் அறையிலிருந்து இன்னொரு விளக்கை எடுத்து வந்து, எரிகிற விளக்கிலிருந்து அதைக் கொளுத்தினா. அதைக் கொண்டுபோய் அறைக்குள் வைத்தா. பிறகு படத்தைத் தன் இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் அந்த விளக்கின் பக்கத்தில் வைத்தா. அப்போது மட்டும் கொஞ்சம் அழுதா. நானும் அழுதேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முப்பத்தொன்று வரை முடியாது என்று ஆண்கள் அடித்துச் சொன்ன விஷயம் ஒரு திரி கொளுத்துகிற நேரத்தில் முடிந்துவிட்டது.

வாசலுக்குப் போய்க் கதவை விரியத் திறந்ததும் அவதான். பிளம்பரைப் பார்த்து, "போன்ஜூர். இந்தச் சுவர் மட்டும்" என்று பிரெஞ்சில் சொன்னா. சமையற்கூடத்தில் பழகிய பிரெஞ்சு, தெளிவாக இருந்தது. வேலை நடந்த நேரம் முழுவதும் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு அந்தச் சுவருக்கு நேரே இருந்தா. யோகன் பல்கனியில் குளிருக்குள் நின்று சிகரெட் பிடித்தார். மேல்மாடிக்காரர்கள் கழுவாத பாத்திரங்களை வைத்துக்கொண்டு சுந்தரத்தைத் தொலைபேசியில் வதைத்தார்கள். சனம் வேலையால் வருவதற்கு முன் குழாய் பொருந்திவிட்டது. ஜூலி மேலே ஏறி வந்து தவமணியின் கையைப் பிடித்து "மெர்சி, மெர்சி" என்றாள்.

நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சொல்லாமல் இறங்கினேன். நம் செத்தவீட்டில் 'போட்டு வாறன்', அதாவது போய் வருகிறேன், என்று சொல்லக்கூடாது, சொல்லாமல்தான் போகவேண்டும்.

இது இத்தோடு முடியவில்லை. வசந்தம் வந்து உரிமையாளர்களின் பொதுக்கூட்டம் கூடியது. அதற்கு முன்னம் சுந்தரம் என்னைத் தனியே பிடித்தார். "மேடம், அந்தச் சுவர் மேட்டரைப் பேசாம விட்டுடலாமே. பாவம், அவங்க மனசு நோகும்." நல்ல எண்ணம்தான். ஆனால் பேசாமல் விட்டால் அது படிக்கட்டுக் கதையாகி, தவமணி இல்லாத இடமெல்லாம் பேசப்படும் என்று எனக்குத் தெரியும். "அவவைக் கேட்டனீங்களோ?" என்றேன்.

கூட்டத்துக்குத் தவமணி வந்தா. யோகனும் கூட வந்தார். சுவர் விஷயம் வந்ததும் யோகன் எழும்பி, "எங்கட குடும்பம் சார்பா ஒரு வார்த்தை" என்று தொடங்கினார். சுந்தரம் அவர் பக்கம் திரும்பிக் காது கொடுக்கத் தயாரானார். நான் வாயைத் திறக்க முன்னம் தவமணி எழும்பிவிட்டா.

"யோகன், நீங்கள் இருங்கோ. உங்களுக்கு இஞ்ச வாக்கு இல்லை. எனக்கு இருக்கு."

அவ ஒன்றையும் ஒளிக்கவில்லை. சின்னக் கதவை மூடியது, தெரிந்தும் தான் பேசாமல் இருந்தது, இப்போது புதுக் கதவு வைத்தாயிற்று, சாமித்தட்டு எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது, எல்லாம் சொன்னா. கீழ்வீட்டுச் சேதத்தில் தன் பங்கு என்ன என்பதைச் சட்டப்படி பார்த்துச் சொல்லுங்கள், ஒளிக்கமாட்டேன், ஆனால் எனக்கு முன்னால் வைத்துப் பேசுங்கள் என்றா. பிறகு சபையைச் சுற்றிப் பார்த்தா.

"நான் சொல்லியாச்சு. இனி நீங்கள் சொல்லுங்கோ. உங்கட வீடுகளில அந்தச் சின்னக் கதவு எங்க இருக்கு? ஆராருடையது திறக்கும்?"

ஒருவர் தொலைபேசியை நோண்டினார். இன்னொருவர் கூரையைப் பார்த்தார். கடைசியில் மூன்றாம் மாடிக்காரர் ஒருவர், தன்னுடையது அலுமாரிக்குப் பின்னால் என்று முணுமுணுத்தார். அடுத்தவர் தொலைக்காட்சிப் பெட்டியைச் சொன்னார். ஒரு அம்மா தானும் சாமித்தட்டுத்தான் என்றா. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி மண்டபம் கை தூக்கியது. சுந்தரத்தின் கையும் அதற்குள் இருந்தது, புத்தக அலுமாரியாம். அந்த வருடமே எல்லாச் சின்னக் கதவுகளும் திறந்தன. நான் ஒரு எச்சரிக்கைக் கடிதமும் எழுதவேண்டி வரவில்லை.

அன்று கூட்டம் கலையும்போது நான் வழக்கம்போலச் சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தவமணி வாசல்வரை வந்தா.

"அக்கா, அண்டைக்குச் சொல்லாமல் போனீங்கள். இண்டைக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ."

"போட்டு வாறன் தவமணி."

"ஓம், வாங்கோ" என்றா. என் பையைப் பார்த்துச் சிரித்தா. "ஆனா மணி அடிச்சுப்போட்டு வாங்கோ."